நான்காக மடித்த கடிதங்கள்

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு உனக்கு எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய். கடிதத்தைப் படிக்காமல் தூக்கிப் போட மாட்டாய். கடைக்கு வந்த எந்தக் காகிதத்தையும் நீ படிக்காமல் விட்டதில்லை.

நான் தலைநகரில் மகள் வீட்டில் இருக்கிறேன். நான்காவது மாடி. இடது கால் இழுத்துக்கொண்டுவிட்டது. வலது கை மட்டும் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கையெழுத்துப் போட்டே பழகிய கை அல்லவா. விடிந்தால் வாசல் நிறைய ஆட்கள் நின்ற வீட்டில் இருந்தவன். இங்கே பால் வந்தால்தான் மணி அடிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். புதிய பஸ் நிலையத்துக்கு என் பெயர் வைக்கிறார்கள் என்றும், வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் விழாக் குழுவுக்கு நீதான் தலைவர் என்றும் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. ஏழு தேர்தலில் ஜெயித்து, முப்பத்து மூன்று வருடம் சட்டசபையில் அந்தத் தொகுதிக்காக உட்கார்ந்தவன் நான். ஒரு பெயர்ப் பலகையை வேண்டாம் என்று சொல்ல நான் ஒன்றும் துறவி இல்லை.

ஆனால் நான் மக்களுக்கு எழுதிக் கொடுத்த சிபாரிசுக் கடிதங்களையெல்லாம் திரட்டி, பயணிகள் கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டப் போகிறீர்களாம். அது வேண்டாம் தம்பி. அதில் அவரவர் வீட்டு நோயும் கஷ்டமும் இருக்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவன் வேடிக்கை பார்க்கவா அதை எழுதினேன்? வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீ ஒரு வார்த்தை சொன்னால் குழுவில் எதிர்ப்பேச்சு இருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 17

முன்னாள் சட்டசபை உறுப்பினர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது.

யோசனை என்னுடையது இல்லை. சலூன்காரர் சொன்னார், கூட்டத்தில் கை தட்டினார்கள், முடிந்தது. நான் தலைவரானதும் உங்கள் மேல் உள்ள பாசத்தால் இல்லை. அந்தக் கட்டடத்துக்குக் குழாயும் கம்பியும் போட்டது என் கடை. தலைவர் பதவியும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் பாதியில் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அறிவிப்புப் பலகை வைத்து இருபது நாள்கூட ஆகவில்லை, இருநூற்றுப் பதினான்கு கடிதம் வந்துவிட்டது. கடைக்குப் பின்னால் ஆணி மூட்டைகளை ஒதுக்கி ஒரு மேஜை போட்டிருக்கிறேன். வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். இன்னொருவர் கல்யாணப் போட்டோவுக்குப் பின்னால் செருகி வைத்திருந்து, சட்டத்தோடு தூக்கி வந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பெருக்கிக் கொண்டிருந்த அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி நீங்கள் கொடுத்த கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாளாம். "பத்திரமா மாட்டுவீங்களாய்யா? ஐயா கையெழுத்து இருக்கு" என்று மூன்று தடவை கேட்டாள்.

நானும் ஒன்று கொடுக்கப் போகிறேன். என் மனைவிக்குத் தலைநகர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்டு நீங்கள் கொடுத்தது. அதை ஆஸ்பத்திரி எழுத்தரிடம் நீட்டினேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஒரு திருப்புத் திருப்பிவிட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "வச்சிக்கங்க சார், காலியானா கூப்பிடறோம்." பதினொரு நாள் வராந்தாவில் பாய் போட்டுப் படுத்திருந்தாள். தினமும் உங்களுக்குப் போன் செய்தேன். "ஐயா சபையில இருக்கார்ணே" என்று உங்கள் உதவியாளன் சொல்லிக்கொண்டே இருந்தான். பன்னிரண்டாம் நாள் படுக்கை தேவைப்படவில்லை.

கூடப் பிறந்தவனுக்கு வெத்துக் கடிதம் கொடுத்து அனுப்பினீர்கள். அதையும் ஊர் பார்க்கட்டும். விழா மார்ச் 14. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
குழுத் தலைவர்


ஜனவரி 24

தம்பி,

அந்த மொட்டைத் தலைப்பைப் போட்டு எனக்கு எழுதாதே. உன்னைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனவன் நான்.

வெத்துக் கடிதம் என்கிறாய். பத்தொன்பது வருடமாக இதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். ஏழாவது தேர்தலில் என் ஊர்வலம் உன் தெருவுக்குள் வந்தபோது கடையை இழுத்து மூடினாய். பொறுத்துக்கொண்டேன். ஆனால் உனக்கு நான் கொடுத்தது நிஜமான கடிதம். கதவைச் சாத்திவிட்டு, என் கையால் மடித்துக் கொடுத்தேன். அதற்கு மேல் யாருக்கும் நான் எதுவும் செய்ததில்லை. பெற்ற மகளுக்குக்கூட.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நேரம் கடந்துதான் போய்ச் சேர்ந்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சுவர் வேலையை நிறுத்து. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் யாரிடமும் கெஞ்சியவன் இல்லை.

அண்ணன்


பிப்ரவரி 2

அண்ணன் அவர்களுக்கு,

"நிஜமான கடிதம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தை நான் நாலு தடவை படித்தேன். ஒரு கடைக்காரன் வாயிலிருந்து "இது ஒரிஜினல்" என்று வந்தால், அவன் கடையில் இன்னொன்றும் இருக்கிறது என்று அர்த்தம். தள்ளுவண்டியில் ஆணி விற்ற நாளிலிருந்து எனக்கு இது தெரியும்.

மேஜையில் இப்போது முந்நூற்றுப் பதினொன்று இருக்கிறது. நேற்று கடை விடுமுறை. உட்கார்ந்து சரக்கைப் பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தாள் வேறு, தட்டச்சு வேறு, வருடம் வேறு. ஒன்று மட்டும் மாறவே இல்லை. எல்லாவற்றிலும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. பாதியாக மடித்து, மறுபடி பாதியாக மடித்தது. முப்பத்து மூன்று வருடக் கடிதங்கள் எல்லாமே ஒரே மாதிரி நான்காக மடிந்திருக்கின்றன.

அப்புறம், கொண்டுவந்தவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டேன். "கடிதம் கொண்டு போனீங்களே, வேலை நடந்ததா?" முதலில் யாரும் நேராகச் சொல்லவில்லை. "ஐயா கொடுத்தாருல்ல" என்றார்கள். கொடுத்தார், நடந்ததா? தையல்காரர்தான் வாயைத் திறந்தார். "நடக்கலண்ணே. அதுக்கு ஐயா என்ன செய்வாரு? அவரு நல்லாத்தான் எழுதிக் கொடுத்தாரு. ஆபீஸ்காரன் பண்ணலை." அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். அந்தப் பெருக்குகிற அம்மா இருபத்தாறு வருடம் தற்காலிகமாகவே பெருக்கி, தற்காலிகமாகவே ஓய்வு பெற்றிருக்கிறாள்.

யோசித்துப் பார்த்தால் இது என் மண்டைக்கு அன்றைக்கே ஏறியிருக்க வேண்டும். வேலை நடந்திருந்தால் கடிதம் ஆபீஸ் கோப்பில் அல்லவா இருக்கும்? திரும்பி வந்தவைதானே வீட்டில் கிடக்கும்? அப்படியென்றால் நாங்கள் சுவரில் மாட்டப் போவது என்ன?

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். அந்த மடிப்பு என்ன?

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

மகள் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதி முடித்துத் தபாலில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

முதல் தடவை ஜெயித்த வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் மனசார எழுதினேன். நாளைக்கு அறுபது எழுபது கடிதம். ஒரு நாள் மாவட்ட அதிகாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், எல்லாமே அவசரம்னு எழுதினா நான் எதைச் செய்யறது? இருக்கிறது நாலு இடம். நாப்பது பேர் உங்க லெட்டரோட நிக்கிறாங்க" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அவர்தான் வழியும் சொன்னார். செய்ய வேண்டியதை மூன்றாக மடியுங்கள். மற்றதை நான்காக. எழுத்து ஒன்றுதான், கையெழுத்து ஒன்றுதான். உறை போடாமல் கையிலேயே கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு வருடத்துக்கு மட்டும் என்று நினைத்தேன். அந்த அதிகாரி மாறினார். மடிப்பு அடுத்தவருக்குப் போனது. ஆஸ்பத்திரிக்கு, பள்ளிக்கூடத்துக்கு, தலைநகர் வரைக்கும் போனது. யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் உதவியாளனுக்குத் தெரியும். அவன்தான் இப்போது என் இடத்தில் உறுப்பினர். அவனும் அப்படியேதான் மடிக்கிறான் என்று கேள்வி.

என்னிடம் வந்த ஒருவனையும் நான் "முடியாது" என்று சொல்லி அனுப்பியதில்லை தம்பி. அதற்குத்தான் ஏழு முறை ஓட்டுப் போட்டார்கள். பாலம் கட்டினேன், பள்ளிக்கூடம் கொண்டுவந்தேன், அதெல்லாம் மேடையில் சொல்ல. வீட்டுக்கு வந்தவன் சிரித்த முகத்தோடு திரும்பினான் பார், அதுதான் என் அரசியல். மூன்றாக மடித்தவை நூற்றுக்கு ஆறோ ஏழோ இருக்கும். எந்த ஆறு என்று முடிவு செய்யும்போது யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

உனக்குக் கொடுத்தது மூன்று. சத்தியம். கதவைத் திறந்து நீ வெளியே போகும்போது, "மடிப்பைக் கலைக்காதே" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏனென்று சொன்னால் அன்றைக்கே என்னைப் பற்றி உனக்கு எல்லாம் தெரிந்துவிடும். "பத்திரமா கொண்டு போ" என்று மட்டும் சொன்னேன்.

நீ போன் செய்தது எதுவும் என் காதுக்கு வரவில்லை. உன் கடிதத்தைப் பார்த்தபிறகு உதவியாளனைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், நாலுன்னு சொன்னாங்க. நீங்க வேணும்னுதான் நாலா மடிச்சிருக்கீங்கன்னு நெனச்சு உங்ககிட்ட சொல்லலை" என்கிறான். எப்படி நாலு ஆகும்? என் கையால் மடித்தது.

இப்போதாவது அந்தச் சுவரை நிறுத்துவாயா?

அண்ணன்


பிப்ரவரி 20

அண்ணே,

கல்லாவுக்குக் கீழே இருக்கிற இரும்புப் பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்தொன்பது வருடமாக அதை நான் விரித்ததில்லை. விரித்தால் அவள் பெயர் இருக்கும்.

அன்றைக்குப் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். தலை என் தோளில். ஐந்து மணி நேரப் பயணம். நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நான் எந்தச் சரக்கையும் ஏற்றுக்கொண்டதில்லை. அதுதான் என்னை ஆளாக்கியது. எடுத்துப் படித்தேன். பெயர் சரி, வயது சரி, நோய் சரி. அவளுக்கும் படித்துக் காட்டினேன். "பெரியவர் நல்லாத்தான் எழுதியிருக்கார். நீங்கதான் எப்பப் பாரு அவரைக் கொற சொல்வீங்க" என்றாள்.

அப்புறம் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கடைச் சீட்டை மடிக்கிற மாதிரி. பாதி, மறுபடி பாதி. நாற்பது வருடமாக என் பைக்குள் போகிற எல்லாக் காகிதமும் அப்படித்தான் போகும். கை தானாகச் செய்தது.

இப்போது தாளில் இரண்டும் தெரிகிறது. குறுக்காக இரண்டு மெல்லிய கோடு, அது உங்களுடையது. அதன்மேல் அழுத்தமாகக் கூட்டல் குறி மாதிரி ஒன்று, அது என்னுடையது. முந்நூற்றுப் பதினொரு கடிதத்தில் எதிலும் இப்படி இல்லை.

ஆக, அவளை வராந்தாவில் படுக்க வைத்தது நான். இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் அரை அங்குல வால்வு கேட்டார். முக்கால் அங்குலத்தைக் கொடுத்தேன்.

ஆனால் அண்ணே, உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஒரு உயிரைக் கொண்டுபோய் ஒரு மடிப்பில் வைத்தது நீங்கள். அதை என் கையில் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்ததும் நீங்கள். நான் ஒன்றைத்தான் மடித்தேன்.

சுவர் வேலை நிற்காது. ஊருக்குச் சொல்லவும் போவதில்லை. உங்களுக்காக இல்லை. சொன்னால் இந்த முந்நூற்றுப் பதினொரு பேரும் வீட்டுக்குப் போய், இத்தனை வருடம் யாரைக் கும்பிட்டோம் என்று உட்கார்ந்து யோசிப்பார்கள். உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதை இன்னொருவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இது சரியா தப்பா என்று தெரியவில்லை. வியாபாரத்தில் எனக்கு இவ்வளவு குழப்பம் வந்ததே இல்லை.

நீங்கள் வர வேண்டும். வந்து ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். வண்டி அனுப்புகிறேன்.

தம்பி


மார்ச் 16

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். வண்டிக்காரர் நான்கு மாடியும் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

விழாவில் நீ என் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடி முன்னாலும் நிறுத்தினாய், நான் படித்து முடிக்கும்வரை நின்றாய், அப்புறம் அடுத்தது. பேச்சாளர்கள் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. கடைசியில் இருந்த உன் கடிதத்தையும் பார்த்தேன். இரண்டு மடிப்பும் தெரிகிற மாதிரி விளக்குப் போட்டிருக்கிறாய்.

நீ பேச்சாளர்களை வழியனுப்பப் போன நேரத்தில் ஒன்று நடந்தது. அந்தப் பெருக்குகிற அம்மா வந்தாள். மகளுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். அதே ஆஸ்பத்திரி. ஒரு தாளையும் பேனாவையும் நீட்டி, "ஒரு லெட்டர் கொடுங்கய்யா" என்றாள்.

நான் சொன்னேன் தம்பி. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். "முடியாதும்மா. எனக்கு இப்பப் பதவி கிடையாது. நான் எழுதினா எதுவும் நடக்காது."

அவள் சிரித்தாள். "வெளையாடாதீங்கய்யா. உங்க வாயில அந்த வார்த்தை வருமா?" என்று சொல்லிவிட்டு என் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். எழுந்திருக்கவே இல்லை.

என் மடிப்புக்கு ஆபீஸ்களில் இன்னும் மதிப்பு இருக்கிறது என்று உதவியாளன் சொல்லியிருந்தான். எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். மூன்றாக மடித்துக் கொடுத்தேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி கையில் இருந்ததைப் பார்த்தாள். "ஐயாவுக்கு வயசாயிடுச்சு, மறந்துட்டீங்க. உங்க லெட்டர் இப்படியா இருக்கும்?" என்று சொல்லிக்கொண்டே பிரித்து, என் கண் முன்னால் பாதியாக மடித்தாள். மறுபடி பாதியாக மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்நூற்றுப் பதினொரு சாட்சி அவளுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

மடிப்பைக் கலைக்காதே என்று இந்தத் தடவையாவது நான் சொல்லியிருக்க வேண்டும். என்னைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாய் வரவில்லை. நீ வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

அவளைத் தேடிப் பிடி. உன்னிடம் இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரியும்.

அண்ணன்


மார்ச் 29

அண்ணே,

உங்கள் கடிதம் வந்த அன்று மதியமே அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை கிளம்பலாம் என்று இருந்தாள். கடிதம் அரிசிப் பானைக்குள் இருந்தது.

"கொடும்மா, நானே கூட வர்றேன்" என்றேன். "எதுக்குய்யா ஒங்களுக்குச் சிரமம், அதான் லெட்டர் இருக்கே" என்றாள். வாங்கி, விரித்து, பழைய கோட்டிலேயே மூன்றாக மடித்தேன். கடையிலிருந்து இரண்டு தகரத் துண்டு வெட்டி, நடுவில் வைத்துக் கட்டினேன். பஸ்ஸில் ஐந்து மணி நேரமும் மடியிலேயே வைத்திருந்தேன். அந்த அம்மாவின் மகள் ஜன்னலோரம் சாய்ந்திருந்தாள். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அதே வராந்தா. தரைக்கு ஓடு மாற்றியிருக்கிறார்கள். பாய் போட்டு ஒன்பது பேர். வாசலில் நின்ற ஆண்களின் சட்டைப் பையில் நான்காக மடித்த தாள் நுனி தெரிந்தது. இப்போதைய உறுப்பினர் கொடுத்ததாக இருக்கும். அவர்களில் ஒருவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. நேராக நடந்து போனேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

எழுத்தர் வேறு ஆள், சின்ன வயது. கடிதத்தை வாங்கினார். ஒரு திருப்புத் திருப்பினார். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "சார், ரெண்டு மடிப்பும் இருக்கே. எது கடைசி?" என்றார்.

"மூணு. நான்தான் மடிச்சேன்" என்றேன்.

பேனாவின் மூடியைக் கழற்றினார். அப்புறம் கடிதத்தை மேஜைத் தட்டில் போட்டுவிட்டு, பதிவேட்டில் பெண்ணின் பெயரை எழுதினார். வருகிற வியாழக்கிழமை படுக்கை என்றார்.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் முன்னால் கையை நீட்டினாள். "லெட்டர் எங்கய்யா?"

"அவங்களே வச்சுக்கிட்டாங்கம்மா."

அவள் முகம் அப்படியே விழுந்துவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திருப்பித் தரலையா? அப்ப என் பொண்ணு பொழைக்க மாட்டாளாய்யா?"

தம்பி